மயக்கத்திலும் மூச்சைக் காத்தவர்: குளோரோபாமுக்கு அளவு வகுத்த ஜான் ஸ்னோ

லண்டன் மாநகரின் சோஹோ பகுதியில், இன்று பிராட்விக் தெரு என அழைக்கப்படும் வீதியில், கைப்பிடி இல்லாத ஒரு தண்ணீர் அடிகுழாய் நினைவுச் சின்னமாக நிற்கிறது. 1854-ஆம் ஆண்டு அப்பகுதியில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் காலராவுக்குப் பலியானபோது, நோய் தண்ணீர் வழியே பரவுகிறது என்று எடுத்துக்காட்டி, குழாயின் கைப்பிடியைக் கழற்றச் செய்தவர் டாக்டர் ஜான் ஸ்னோ. பொதுச் சுகாதாரம் பயிலும் மாணவர்கள் உலகெங்கும் முதல் பாடத்திலேயே அவரது பெயரைச் சந்திக்கின்றனர்.

ஆனால், அவர் உயிரோடிருந்த நாளில் அவருக்குப் புகழையும் வருவாயையும் தந்தது வேறு தொழில். அறுவைச் சிகிச்சையின்போது நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்துவதும், அம்மயக்கத்திலும் அவர் தாமாகவே மூச்சுவிட்டுக்கொண்டிருக்குமாறு பார்த்துக்கொள்வதுமே ஸ்னோவின் அன்றாடப் பணி. நோயாளியின் சுவாசத்தை ஏற்று நடத்தும் இயந்திரங்கள் அன்று இல்லை. மருந்தை நுரையீரலுக்குக் கொண்டு சென்றது நோயாளியின் சொந்த மூச்சுதான். மருந்து மிகுந்தால் முதலில் அடங்குவதும் பெரும்பாலும் அதே மூச்சுதான். இவ்விரண்டுக்கும் இடையிலிருந்த குறுகிய இடைவெளியை அளந்து பார்ப்பதில் ஸ்னோ தமது வாழ்வின் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளைச் செலவிட்டார்.

யார்க் நகரின் தொழிலாளி மகன்

1813-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் தேதி, இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள யார்க் நகரில், ஊஸ் ஆற்றங்கரையை ஒட்டிய ஏழைகளின் குடியிருப்பில் ஸ்னோ பிறந்தார். தந்தை கூலித் தொழிலாளி. ஒன்பது குழந்தைகளில் ஸ்னோவே மூத்தவர். கணக்கில் இருந்த ஆர்வமும் தாயின் முயற்சியும் அவரை மருத்துவத் துறைக்கு இட்டுச் சென்றன. பதினான்காம் வயதில் நியூகாசில் நகர மருத்துவர் வில்லியம் ஹார்ட்காசிலிடம் தொழில் பழகச் சேர்ந்தார். நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த அவ்வட்டாரத்தில், 1831-32-ஆம் ஆண்டுகளில் காலரா முதன்முறையாகப் பரவியபோது, கில்லிங்வொர்த் சுரங்கத் தொழிலாளர்களுக்குச் சிகிச்சை அளிக்க அனுப்பப்பட்டவர் பதினெட்டு வயதே நிரம்பிய இந்த மாணவர்தான். நோய்க்கு மருந்து ஏதும் பலிக்காததை அங்கு அவர் நேரில் கண்டார்.

அதே இளமைப் பருவத்தில் அவர் புலால் உண்பதை விட்டார். மதுவையும் தொடுவதில்லை என உறுதி பூண்டார். கடைசி ஆண்டுகளில் உடல்நலம் கருதி இக்கட்டுப்பாடுகளைச் சற்றுத் தளர்த்திக்கொண்டாரெனினும், கேளிக்கைகளை நாடாத தனி மனிதராகவே வாழ்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. பிராட்விக் தெரு முனையில் அவரது பெயரைத் தாங்கி நிற்பது ஒரு மதுக்கடை என்பதை அறிந்தால் அவர் என்ன எண்ணியிருப்பாரோ!

1836-ஆம் ஆண்டு பெரும்பகுதித் தொலைவை நடந்தே கடந்து லண்டனை அடைந்த ஸ்னோ, ஹண்டர் பெயரிலான மருத்துவப் பள்ளியிலும் வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவமனையிலும் பயின்றார். 1838-இல் அறுவை மருத்துவராகவும் மருந்தாளராகவும் உரிமம் பெற்று, சோஹோவின் ஃபிரித் தெருவில் தொழில் தொடங்கினார். 1844-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டமும் பெற்றார். செல்வாக்குள்ள உறவினர் இல்லை. பேச்சில் கவர்ச்சியும் இல்லை. குரல் சற்றுக் கம்மியிருக்கும். வெஸ்ட்மின்ஸ்டர் மருத்துவச் சங்கக் கூட்டங்களில் அவர் எழுந்து பேசியபோது முதலில் எவரும் பொருட்படுத்தவில்லை. எனினும் அவர் கூட்டத்துக்குக் கூட்டம் சென்றார், பேசினார், நாளடைவில் சங்கம் செவிசாய்க்கத் தொடங்கியது.

அச்சங்கத்தில் 1841-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர் படித்த கட்டுரை, பின்னாளில் அவர் செல்லவிருந்த திசையை முன்கூட்டியே காட்டுகிறது. பிறந்தவுடன் மூச்சுவிடாத சிசுவைப் பிழைக்க வைப்பது எவ்வாறு என்பதே அதன் பொருள். நுரையீரலிலுள்ள காற்றை வெளியே இழுக்கவும் புதுக் காற்றை உள்ளே செலுத்தவும் வல்ல இரட்டைப் பீச்சாங்குழல் ஒன்றை அவர் அதில் விவரித்தார். வெப்பநிலை உயிர்களின் சுவாசத்தை எவ்வாறு மாற்றுகிறது, கரியமில வாயு மிகுந்த காற்றில் உயிர்கள் எவ்வளவு நேரம் தாங்கும் என்பன போன்ற வினாக்கள் அப்போதே அவரைப் பற்றிக்கொண்டிருந்தன. மயக்கமருந்து என்ற ஒன்று உலகுக்கு அறிமுகமாக இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன.

ஈதரும் ஐந்து நிலைகளும்

1846-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் ஆவியை முகரச் செய்து, வலியில்லா அறுவைச் சிகிச்சைக்கு வழிகாட்டினார். அச்செய்தி கப்பலேறி டிசம்பரில் லண்டனை எட்டியது. ஆண்டு முடிவதற்குள் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் லிஸ்டன், ஈதர் மயக்கத்தில் ஒருவரின் காலைத் துண்டித்தார். டிசம்பர் 28-ஆம் தேதி பல் மருத்துவர் ஜேம்ஸ் ராபின்சன் ஈதர் கொடுத்ததை ஸ்னோ நேரில் கண்டார்.

வியப்பு அடங்கும் முன்பே ஏமாற்றமும் தொடங்கியிருந்தது. சிலர் உடனே மயங்கினர். சிலர் மயங்காமல் கிளர்ச்சியுற்றுத் திமிறினர். சிலருக்கு எதுவும் நேரவில்லை. ஈதர் நம்பத்தகாதது என்று ஒரு சாரார் கைவிடத் தயாராயினர். ஸ்னோ குறையை மருந்திடம் தேடவில்லை, கொடுக்கும் முறையில் தேடினார். ஈதர் எளிதில் ஆவியாகும் திரவம். குளிர்ந்த காற்று அந்த ஆவியைக் குறைவாகவே ஏற்கும். வெப்பக் காற்று பெருமளவு ஏற்கும். ஆகவே பனி பெய்யும் நாளில் ஒரு நோயாளி பெறுவதும், கணப்பு எரியும் அறையில் மற்றொருவர் பெறுவதும் வெவ்வேறு மருந்து என்றே சொல்லத்தக்க அளவு வேறுபடும். இந்த உண்மையைக் கணக்கிட்டு, எந்த வெப்பநிலையில் காற்றில் எவ்வளவு ஈதர் கலக்கும் என்ற அட்டவணையை 1847 ஜனவரியிலேயே அவர் மருத்துவச் சங்கத்தின் முன் வைத்தார். புதிய மருந்து இங்கிலாந்துக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

அட்டவணையைத் தொடர்ந்து கருவியும் வந்தது. தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்த உலோகப் பாத்திரம். தண்ணீரின் வெப்பம் மாறாதிருக்க, ஆவியின் செறிவும் மாறாதிருக்கும். அதிலிருந்து அகன்ற குழாய் முகமூடிக்குச் செல்லும். முந்தைய கருவிகள் பலவற்றில் குழாய் ஒடுக்கமாக இருந்ததால் நோயாளி மூச்சை முயன்று இழுக்க வேண்டியிருந்தது. மனிதனின் மூச்சுக்குழாயை விடக் குறுகிய வழியில் காற்றை இழுக்கச் சொல்வது அவரை மூச்சுத் திணறச் செய்வதாகும் என்பதை ஸ்னோ உணர்ந்திருந்தார். திமிறல்களில் ஒரு பகுதி மருந்தால் வந்ததன்று, காற்றுப் பற்றாக்குறையால் வந்தது.

1847 இறுதிக்குள் ஈதர் குறித்து அவர் எழுதிய நூல் வெளிவந்தது. மயக்கத்தை ஐந்து நிலைகளாக அதில் அவர் பகுத்தார். முதல் நிலையில் நோயாளிக்குத் தாம் எங்கிருக்கிறோம் என்ற நினைவு உண்டு; சொல்வதைக் கேட்டு நடப்பார். இரண்டாம் நிலையில் அறிவு தடுமாறும். கனவுபோல ஏதேனும் பேசுவார். மூன்றாம் நிலையில் தம் விருப்பப்படியான அசைவு நின்றுவிடும். ஆயினும் கத்தி படும்போது உடல் சிலிர்க்கலாம், முனகல் எழலாம். நான்காம் நிலையில் கைகால்கள் தளர்ந்து, சுவாச அசைவு மட்டுமே எஞ்சும். ஐந்தாம் நிலையில் அந்தச் சுவாசமும் தட்டுத் தடுமாறும். இந்நிலையை அவர் விலங்குகளில் மட்டுமே கண்டார். மனிதரில் காண விரும்பவில்லை. நான்காம் நிலைக்கும் அப்பால் செல்லக் கூடாது என்பதே அவரது வரம்பு. பெரும்பாலான அறுவைகளுக்கு மூன்றாம் நிலையே போதும் என்றும் அவர் கண்டார். ஒரு முறை நன்கு மயங்கச் செய்துவிட்டு, பின்னர் சிறு அளவுகளால் அதைத் தாங்கிப் பிடித்தால் நோயாளி வலியறியாமல் இருப்பார், மூச்சும் கெடாது.

அந்நிலைகளை அறிய அவரிடமிருந்த கருவிகள் கண்ணும் காதும் விரல் நுனியும்தாம். இமையின் விளிம்பை மெல்லத் தொட்டுப் பார்ப்பார். மூச்சின் ஆழத்தையும் ஒழுங்கையும் கவனிப்பார். குறட்டை ஒலி எழுந்தால் மருந்து போதுமான அளவை எட்டிவிட்டது எனக் கொண்டு கருவியை எடுத்துவிடுவார். கருவியை எடுத்த பின்னரும் நுரையீரலில் தங்கிய ஆவி சில நொடிகளுக்கு இரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும், மயக்கம் இன்னும் ஒரு படி இறங்கும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஆகவே வரம்பைத் தொடுவதற்கு முன்பே நிறுத்துவது அவரது வழக்கம்.

வின்லேட்டன் சிறுமியின் மரணம்

1847 நவம்பரில் எடின்பரோ மகப்பேறு மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் குளோரோபாமை அறிமுகப்படுத்தினார். இனிய மணம், விரைந்த பயன், கைக்குட்டை ஒன்றே போதும் என்ற எளிமை ஆகியவற்றால் சில வாரங்களில் ஈதரை அது ஓரங்கட்டியது. கருவியே வேண்டாம் என்பது அதன் ஆதரவாளர்களின் பெருமையாக இருந்தது.

மூன்று மாதங்கள் நிறைவதற்குள், 1848 ஜனவரி 28-ஆம் தேதி, நியூகாசில் அருகே வின்லேட்டன் என்ற சிற்றூரில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமி, கால்விரல் நகத்தை அகற்றும் சிறு சிகிச்சைக்காகக் குளோரோபாம் முகர்ந்தாள். துணியில் ஊற்றிய மருந்து மூக்கருகே வைக்கப்பட்ட சில நிமிடங்களில் அவள் உயிர் பிரிந்தது. குளோரோபாமால் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் அதுவே. ஸ்னோ தொழில் பழகிய வட்டாரத்திலேயே அது நேர்ந்தது தற்செயல். சிறுமிக்கு மருந்தைவிட, மயக்கம் தெளிவிக்க வாயில் ஊற்றப்பட்ட பிராந்தியே எமனாயிற்று என்று சிம்ப்சன் வாதிட்டார்.

ஸ்னோவின் கருத்து வேறு. துணியில் ஊற்றிய குளோரோபாமின் ஆவி எவ்வளவு செறிவோடு உள்ளே செல்கிறது என்பதை யாராலும் சொல்ல இயலாது. துணி மூக்கை நெருங்கினால் செறிவு கூடும், விலகினால் குறையும். நோயாளி அச்சத்தில் மூச்சை அடக்கி, பிறகு ஆழ்ந்து இழுத்தால், ஒரே மூச்சில் அளவு மீறிச் சென்றுவிடும். செறிந்த ஆவி மூச்சை மட்டும் அடக்குவதன்று, இதயத்தையே நேரடியாகத் தாக்கி நிறுத்தவும் வல்லது என்று விலங்குகளில் செய்த சோதனைகளிலிருந்து அவர் முடிவுக்கு வந்தார். உள்ளிழுக்கும் காற்றில் குளோரோபாம் ஆவி நூற்றுக்கு 4 அல்லது 5 பங்குக்கு மேற்படலாகாது என்பது அவர் வகுத்த அளவு. அதற்கேற்பப் புதிய கருவி ஒன்றையும் அமைத்தார். உட்புறம் மை உறிஞ்சும் தாள் சுற்றிய உலோக உருளை, வெளிப்புறம் தண்ணீர் உறை, முகமூடியில் திருகக்கூடிய ஒரு வால்வு. தொடக்கத்தில் வால்வைத் திறந்து வைத்தால் நோயாளி பெரும்பாலும் புதுக் காற்றையே இழுப்பார். சிறிது சிறிதாக அதை மூடினால் ஆவியின் பங்கு படிப்படியாக ஏறும்.

இங்கு ஸ்னோவிடமும் ஒரு முரண்பாடு உண்டு. தேர்ந்த கைகளில் ஈதர் திடீர் மரணத்தை விளைவிக்காது என்றும், அவ்வகையில் குளோரோபாமைவிட அதுவே பாதுகாப்பானது என்றும் அவர் எழுதினார். ஆயினும் தாம் பயன்படுத்தியது பெரும்பாலும் குளோரோபாமையே. சிக்கிமுக்கிக் கல்லில் ஆபத்து இல்லாவிடினும் மக்கள் வசதி கருதி, தீப்பற்றும் அபாயமுள்ள தீக்குச்சியைத் தேர்வதோடு இதை அவர் ஒப்பிட்டார். அளவை அறிந்தவரின் கையில் அத்தேர்வு பெருந்தீங்கு செய்யவில்லை. அளவை அறியாத பல்லாயிரம் கைகளைப் பற்றி அதே நம்பிக்கையோடு பேச இயலாது.

அரண்மனையில் 53 நிமிடங்கள்

1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி, பக்கிங்ஹாம் அரண்மனையில் விக்டோரியா அரசியின் எட்டாவது பிரசவத்துக்கு ஸ்னோ அழைக்கப்பட்டார். இளவரசர் லியோபோல்ட் பிறந்த அந்நாளில் அவர் தமது கருவியை வெளியே எடுக்கவில்லை. மடித்த கைக்குட்டையில் சில துளிகளைத் தெளித்து, வலி எழும்போது மட்டும் முகரச் செய்தார். வலி அடங்கியதும் எடுத்துவிட்டார். இவ்வாறு 53 நிமிடங்கள் சென்றன. அரசி எந்நேரத்திலும் நினைவிழக்கவில்லை. ஸ்னோவின் பகுப்பின்படி சொல்வதானால், முதல் நிலையைத் தாண்டாத அரைமயக்கம் அது. கைக்குட்டை முறையைக் கண்டித்தவரே அங்கு அதைக் கையாண்டது வியப்பளிக்கலாம். ஆனால், அளவு மிகக் குறைவாக இருக்க வேண்டிய இடத்தில், அதுவும் விட்டுவிட்டுக் கொடுக்கும்போது, கைக்குட்டையே போதுமானது என்பது அவரது துணிபு.

அரசியின் பிரசவத்தில் குளோரோபாம் கொடுக்கப்பட்டது என்ற செய்தியை லான்செட் மருத்துவ இதழ் நம்ப மறுத்தது. ஆபத்தான முன்னுதாரணம் என்று கடிந்து எழுதியது. அரசியோ மகிழ்ச்சியோடிருந்தார். 1857 ஏப்ரல் 14-ஆம் தேதி இளவரசி பியாட்ரிஸ் பிறந்தபோதும் ஸ்னோவையே அழைத்தார். பிரசவ வலியைத் தணிப்பது இறைக் கட்டளைக்கு எதிரானது என்ற பேச்சு அதன் பின் மெல்ல அடங்கியது. கேன்டர்பரி பேராயரின் மகளுக்கும் பிரசவத்தின்போது ஸ்னோவே குளோரோபாம் கொடுத்தார்.

அரண்மனையில் நடந்ததை அவர் எங்கும் பேசியதில்லை. குளோரோபாம் முகரும்போது அரசி என்னென்ன சொன்னார் என்பதைத் தெரிவித்தாலொழிய மேற்கொண்டு மூச்சிழுக்க மாட்டேன் என்று ஒரு சீமாட்டி பிடிவாதம் செய்ததாகவும், அரசி உங்களைவிட நெடுநேரம் முகர்ந்த பின்னரே வாய் திறந்தார், நீங்களும் அவ்வாறே முகர்ந்தால் சொல்கிறேன் என்று ஸ்னோ மறுமொழி கூறியதாகவும், அவருடைய நண்பர் பெஞ்சமின் வார்ட் ரிச்சர்ட்சன் எழுதியுள்ளார். சீமாட்டி மயங்கி எழுந்தபோது மருத்துவர் வீட்டை விட்டுப் போய்விட்டிருந்தார்.

ஆவியை அறிந்தவர் கண்ட காலரா

ஸ்னோவின் இரு பணிகளையும் தனித்தனியே சொல்வதே வழக்கம். அவை ஒரே சிந்தனையின் இரு கிளைகள் என்பதைக் கவனிப்போர் குறைவு. அழுகும் பொருள்களிலிருந்து எழும் துர்நாற்றக் காற்றே காலராவுக்குக் காரணம் என்று அக்காலத்து மருத்துவ உலகம் நம்பியது. காற்றில் கலந்த ஆவி உடலுக்குள் எவ்வாறு செல்கிறது என்பதை அன்றாடம் அளந்துகொண்டிருந்த ஸ்னோவால் இதை ஏற்க முடியவில்லை. ஆவி பரவப் பரவ நீர்த்துப்போகும். மூலத்தின் அருகில் இருப்பவர்க்கே அது கடுமையாக இருக்க வேண்டும். ஆனால், நாற்றம் பிடித்த தொழில்களில் அன்றாடம் உழைப்போர் மற்றவரைவிட மிகுதியாகக் காலராவுக்கு ஆளாகவில்லை. மேலும், முகர்ந்த நஞ்சு இரத்தத்தில் கலந்து உடல் முழுவதையும் தாக்கும். காலராவோ குடலில் தொடங்குகிறது. குடலில் தொடங்கும் நோய் வாய் வழியே சென்றிருக்க வேண்டும் என்று 1849-இல் அவர் சிறு நூல் வெளியிட்டார்.

1854-இல் ஆதாரம் திரண்டது. ஆகஸ்ட் 31-ஆம் தேதி பிராட் தெருவில் வெடித்த நோயை அவர் வீடு வீடாகச் சென்று ஆராய்ந்தார். தனிக் கிணறு வைத்திருந்த ஏழையர் விடுதியில் மரணம் குறைவு. தெரு நீரைத் தொடாத மதுபான ஆலைத் தொழிலாளர்கள் தப்பினர். தொலைவிலிருந்த ஹாம்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு மூதாட்டி, அக்குழாய் நீரின் சுவைக்காகவே அதை வரவழைத்துக் குடித்து மாண்டார். செப்டம்பர் 7-ஆம் தேதி மாலை ஊர் நிர்வாகக் குழுவின் முன் அவர் இவற்றை எடுத்துரைக்க, மறுநாள் கைப்பிடி கழற்றப்பட்டது. மக்கள் வெளியேறியதால் நோய் அதற்கு முன்பே தணியத் தொடங்கிவிட்டது என்பதை மறைக்காமல் எழுதியவரும் அவரே.

அடிகுழாயைவிட வலிமையான சான்று தென் லண்டனில் கிடைத்தது. அங்கு ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளுக்கு இரு நிறுவனங்கள் தண்ணீர் வழங்கின. ஒன்று கழிவு கலந்த தேம்ஸ் நீரையே தந்தது. மற்றொன்று நகருக்கு மேலே, தூய பகுதியிலிருந்து நீர் எடுத்தது. தொற்றின் முதல் ஏழு வாரங்களில், முன்னதன் வாடிக்கையாளர் வீடுகள் 10,000-க்கு 315 மரணம். பின்னதில் 37 மட்டுமே. சுவாசித்த காற்று இரு சாராருக்கும் ஒன்றே. குடித்த நீர்தான் வேறு.

ஆயினும் அறிஞர் உலகம் அசையவில்லை. 1855-இல் நாற்றம் தரும் தொழிற்சாலைகளை ஒடுக்கும் மசோதா நாடாளுமன்றக் குழுவின் முன் வந்தபோது, அந்த நாற்றம் காலராவைப் பரப்புவதில்லை என்று ஸ்னோ சாட்சியம் அளித்தார். லான்செட் அவரைக் கடுமையாகச் சாடியது. அதே ஆண்டு விரிவாக்கி வெளியிட்ட காலரா நூலுக்காக இருநூறு பவுனுக்கு மேல் சொந்தப் பணம் செலவிட்ட அவருக்குத் திரும்பி வந்தது சில பவுன்கள்தாம் என ரிச்சர்ட்சன் பதிவு செய்துள்ளார்.

கடைசி நூல்

குளோரோபாமைவிட நல்ல மருந்தைத் தேடுவதையும் அவர் நிறுத்தவில்லை. தம்மீதே பல ஆவிகளைச் சோதித்தார். நோயாளி வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவைக் காரக் கரைசலால் அகற்றி, அதே காற்றை மீண்டும் சுவாசிக்கச் செய்யும் ஏற்பாட்டையும் முயன்று பார்த்தார். இன்றைய மயக்கமருந்து இயந்திரங்களில் அதே தத்துவமே இயங்குகிறது. 1856 இறுதியில் அமிலீன் என்ற ஆவியில் அவர் நம்பிக்கை வைத்தார். 238 பேருக்கு அதைக் கொடுத்ததில் இருவர் இறந்தனர். இரண்டாவது மரணத்தோடு அதைக் கைவிட்டார். இரு மரணங்களையும் விவரமாக எழுதி வெளியிடவும் செய்தார். தம் கையில் நேர்ந்த மரணத்தை மறைப்பது மருத்துவர்க்கு எளிதாயிருந்த காலம் அது.

பிறர் கையில் நேர்ந்த மரணங்களையும் அவர் ஒன்றுவிடாமல் சேகரித்தார். குளோரோபாமால் இறந்த 50 பேரின் விவரங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, எவ்வகையில் கொடுக்கப்பட்டது, மூச்சு முதலில் நின்றதா, நாடி முதலில் நின்றதா எனப் பிரித்தெழுதினார். தாம் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் குளோரோபாம் கொடுத்த அனுபவமும் அந்நூலில் சேர்ந்தது. 1858 ஜூன் 10-ஆம் தேதி அதன் இறுதிப் பகுதியை எழுதிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கி விழுந்தார். ஜூன் 16-ஆம் தேதி காலமானார். வயது 45. தேம்ஸ் நதியின் கழிவு நாற்றத்தால் நாடாளுமன்றமே நிலைகுலைந்த கோடைக்காலம் அது. லண்டன் பிராம்ப்டன் கல்லறைத் தோட்டத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். நூலை முடித்து அச்சேற்றியவர் ரிச்சர்ட்சன்.

ஐதராபாத்தில் தொடர்ந்த வழக்கு

ஸ்னோ விட்டுச் சென்ற வினாவுக்கு இந்தியாவிலும் ஒரு பெரும் அரங்கம் அமைந்தது. குளோரோபாமில் முதலில் நிற்பது மூச்சா, இதயமா? எடின்பரோ மரபில் பயின்ற எட்வர்டு லாரி, ஐதராபாத் மருத்துவப் பள்ளிக்குத் தலைமை வகித்தபோது, மூச்சை மட்டும் கவனித்தால் போதும், நாடியைப் பார்க்கவே வேண்டாம் என்று போதித்தார். அதை நிறுவ ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கானின் பொருளுதவியோடு 1888-இலும் 1889-இலும் இரு ஆய்வுக் குழுக்கள் அமைந்தன. இரண்டாவது குழுவுக்கு நிஜாமின் செலவில் லண்டனிலிருந்து லாடர் பிரன்டன் வந்தார். நூற்றுக்கணக்கான விலங்குகளில் சோதித்த பின், மூச்சே எப்போதும் முதலில் நிற்கிறது என்று அக்குழு அறிவித்தது. லாரியிடம் பயின்ற ரூபா பாய் ஃபர்தூன்ஜி, குளோரோபாம் கொடுப்பதையே தனித் துறையாகக் கொண்ட உலகின் முதல் பெண்களில் ஒருவராகத் திகழ்ந்ததும் ஐதராபாத்துக்குக் கிடைத்த பெருமை.

ஆனால், குழுவின் முடிவு நிலைக்கவில்லை. 1911-இல் லண்டன் மருத்துவர் லெவி, குளோரோபாம் மயக்கம் ஆழமில்லாத நிலையிலேயே இதயம் திடீரெனத் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடக் கூடும் என்பதை விலங்குகளில் நிறுவினார். இதயமே முதலில் நிற்கலாம் என்று ஸ்னோ கூறியது உண்மையாயிற்று. அளவு மீறிய செறிவே அதற்குக் காரணம் என்ற அவரது விளக்கம் மட்டும் முழுமையானதாக இல்லை. மூச்சை இமைக்காமல் கவனி என்ற லாரியின் போதனையால் பிழைத்தவர்களும் பலர்; நாடியை விட்டுவிடு என்ற மறுபாதிதான் அதன் குறை.

காலராக் கிருமியை ராபர்ட் காக் 1884-இல் கொல்கத்தாவில் இனங்கண்டு உறுதி செய்தபோது ஸ்னோ மறைந்து 26 ஆண்டுகள் ஆகியிருந்தன. அக்கிருமியின் நஞ்சு குடலைத் தாக்கும் விதத்தை அதே நகரில் சம்பு நாத் டே 1959-இல் வெளியிட்டார். குடலில் தொடங்கும் நோய் என்ற ஸ்னோவின் ஊகத்துக்கு அது நூறாண்டு கழித்து வந்த உறுதி.

குளோரோபாம் இன்று அறுவை அரங்கிலிருந்து மறைந்துவிட்டது. 1942-இல் தசைகளைத் தளர்த்தும் குராரே மருந்து புழக்கத்துக்கு வந்த பின், பெரிய அறுவைகளில் நோயாளியின் மூச்சை இயந்திரமோ மருத்துவரின் கையோ ஏற்றுக்கொண்டது. ஆயினும் கண்புரை அகற்றல், குடல் உள்நோக்கல் போன்ற எண்ணற்ற சிகிச்சைகள் இன்றும் அரைமயக்கத்தில், நோயாளி தாமாக மூச்சுவிடும் நிலையிலேயே நடைபெறுகின்றன. மிடசோலம், புரபோபால் முதலிய மருந்துகள் ஊசி வழியே செல்கின்றன. வெளிமூச்சிலுள்ள கரியமில வாயுவைத் திரையில் அலையாகக் காட்டும் கருவி, ஸ்னோ காதால் கேட்டதைக் கண்ணுக்குக் காட்டுகிறது. அமெரிக்க மயக்கவியலர் சங்கம் அரைமயக்கம் முதல் முழு மயக்கம் வரை நான்கு படிகளாகப் பகுத்துள்ளது. ஒரு படியில் நிறுத்த எண்ணிய நோயாளி அடுத்த படிக்கு வழுக்கிச் செல்லக் கூடும், அவரை மீட்கத் தெரிந்தவரே மருந்து கொடுக்க வேண்டும் என்பது அதன் விதி. 1847-இல் ஸ்னோ வரைந்த ஐந்து நிலைகளோடு அதை ஒப்பிட்டால் உறவுமுறை விளங்கும்.

அவர் மறைந்தபோது லான்செட் இதழ் சில வரிகளில் இரங்கல் வெளியிட்டது. குளோரோபாம் மற்றும் பிற மயக்கமருந்துகள் குறித்த அவரது ஆய்வுகள் அதில் இடம்பெற்றன. காலரா பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவரது இருநூறாவது பிறந்த ஆண்டான 2013-இல், 155 ஆண்டுகள் தாமதமாக, அந்தக் குறிப்புக்கு அவ்விதழ் திருத்தம் வெளியிட்டது. ஸ்னோ 1848 முதல் தம் கைப்படக் குறித்து வைத்த நோயாளிக் குறிப்பேடுகள் லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரியில் பாதுகாக்கப்படுகின்றன.